உடனுக்குடன் பதில்

“நீங்களே படிச்சுப் பாருங்க வக்கீலம்மா. எப்படி இறங்கி வந்துட்டா பாருங்க.”

முதலாளி தன் கைப்பேசியை மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். விவாகரத்தான மனைவியிடமிருந்து வந்த செய்தி. ‘உங்க நிலைமை எனக்கு நல்லாப் புரியுது. உங்க இடத்துல யார் இருந்தாலும் இப்படித்தான் தவிச்சுப்போவாங்க. ராத்திரி சரியாத் தூங்கறீங்களா?’

“தூக்கத்தைப் பத்திக் கேக்கறாங்க, சரி. கையெழுத்துப் போடறேன்னு எங்கயும் சொல்லலையே?” என்றார் வக்கீலம்மா.

“அவ எதையும் நேராச் சொல்ல மாட்டா. கூட வாழ்ந்தவன், எனக்குத் தெரியாதா?”

அது உண்மைதான். அந்தப் பிடிகொடுக்காத பேச்சுதான் ஒரு காலத்தில் முதலாளிக்குச் சோறு போட்டது. கடைகள், மருத்துவமனைகள், பயண நிறுவனங்கள் எல்லாம் தங்களுக்கு வரும் புகார்களைப் பதில் எழுதச் சொல்லி முதலாளியின் அலுவலகத்திடம் தள்ளிவிடும். வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியவர்களுக்கெல்லாம் அவள்தான் உட்கார்ந்து பதில் எழுதுவாள். முடியும் என்றும் சொல்ல மாட்டாள், முடியாது என்றும் சொல்ல மாட்டாள். அக்கறையாக ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். கொதித்துக்கொண்டு வந்தவன் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஆறிப்போவான்.

வாடிக்கையாளர்கள் போனில் “அம்மா இல்லையா?” என்று கேட்பதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. அவள் எழுதிய பதில்களை மொத்தமாக அள்ளிக் கணினிக்கு ஊட்டி, மென்பொருள் ஒன்றைச் செய்யவைத்தார். ஒருத்தி உட்கார்ந்து பார்த்த வேலை, ஒரே நேரத்தில் ஆயிரம் பேரைச் சமாளிக்கும் சரக்காக மாறியது. தெருமுனைக் கடைக்காரர்கூட மாதச் சந்தா கட்டி வாங்கினார்.

சரக்கு ஓடத் தொடங்கியதும், “இனிமே நீ எதுக்கு? எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்” என்று சொல்லி அவளை அலுவலகத்திலிருந்து அனுப்பினார். கொஞ்ச நாளில் வீட்டிலிருந்தும் அனுப்பினார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அழுது புரள்வாள் என்று எதிர்பார்த்திருந்த முதலாளிக்கு அதில்கூட ஏமாற்றம்தான்.

இப்போது ஒரு பெரிய நிறுவனம் மென்பொருள், அலுவலகம் எல்லாவற்றையும் சேர்த்து விலைக்கு வாங்க வந்திருந்தது. மூலப் பதில்களை எழுதியவள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் நிபந்தனை. கெடு இன்று மாலையோடு முடிகிறது.

“வேற ஆளுங்களை வெச்சுப் பதில்களைப் புதுசா எழுதிடலாம்னு அப்பவே சொன்னேன். அன்னிக்கு நேரம் இருந்துது. நீங்க காதுல வாங்கல” என்றார் வக்கீலம்மா.

“எதுக்கு அந்த வீண் வேலை? எப்ப அனுப்பினாலும் உடனே பதில் போடறா. ராத்திரி எந்நேரம் அனுப்பினாலும் சரி. மனசுல ஒண்ணும் இல்லாதவளா இப்படி முழிச்சுட்டு இருப்பா?”

“போன்ல பேசினீங்களா?”

“எடுக்க மாட்டா. என் குரலைக் கேட்டா உடைஞ்சுபோயிடுவா, பாவம்.”

விற்பனை முடிந்துவிட்ட மாதிரியே நினைத்துக்கொண்டு முதலாளி ஊழியர்களைக்கூட வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கையெழுத்து விழுந்த அடுத்த நிமிடமே அவள் எண்ணை அழித்துவிட வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தார். உருகி உருகி எழுதுகிறவள் அப்போது என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்ப்பதே அவருக்கு இனிப்பாக இருந்தது.

பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் குடியிருந்த கட்டடத்துக்குப் போனார். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி மணியை அழுத்தினார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, இத்தனை நாளாகக் கைவசம் வைத்திருந்த கடைசி அஸ்திரத்தை அவசரமாகத் தட்டி அனுப்பினார். ‘வாசல்ல நிக்கறேன். செஞ்சதுக்கெல்லாம் மன்னிச்சிடு. கையெழுத்து மட்டும் போட்டுடு.’

அவள் முழங்கையால் கைப்பிடியை அழுத்திக் கதவைத் திறந்தாள். மணிக்கட்டு வரை இரண்டு கையிலும் வெள்ளைப் பெயின்ட். பின்னால் ஏணியும் பாதி அடித்து நிறுத்திய சுவரும் தெரிந்தன. ஜன்னல் விளிம்பில் அவளுடைய கைப்பேசி குப்புறக் கிடந்தது.

“என்ன விஷயம்?” என்று கேட்டாள்.

கோபத்தை இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. முதலாளி குழைந்து சிரித்தார். “என்ன விஷயமா? இத்தனை நாளா நாம பேசிட்டுத்தானே இருக்கோம்?”

அவருடைய சட்டைப்பைக்குள் கைப்பேசி கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தார். அவள் எண்ணிலிருந்துதான்.

‘இவ்வளவு தூரம் வந்ததுக்கு ரொம்ப நன்றி. உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுது. எந்த நேரத்துல பேசினா உங்களுக்கு வசதியா இருக்கும்?’

முதலாளி செய்தியைப் பார்த்தார். அவளுடைய கைகளைப் பார்த்தார். விரலிலிருந்து ஒரு சொட்டு பெயின்ட் அவர் செருப்பின்மேல் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“அப்போ... எனக்குப் பதில் போட்டதெல்லாம் நீ இல்லையா?”

அவள் நிதானமாகக் காலால் கதவைச் சாத்தத் தொடங்கினாள்.

“நான் எதுக்கு? சந்தா கட்டிட்டேன், எல்லாத்தையும் அதுவே பாத்துக்குது.”