மத்தியான வெடி

தையல்கடையிலிருந்து வாங்கிய ரவிக்கையும் பழுது பார்த்த மிக்சி ஜாரும் இன்னும் ஸ்கூட்டியின் கொக்கியிலேயே தொங்குகின்றன. பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓட வேண்டாத நாள் புவனா டீச்சருக்கு. சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில், பலாமர நிழலில், மூன்று நாற்காலிகள். நடுவே முக்காலியில் மூன்று டம்ளர் டீ. இலை இடுக்கில் இறங்கும் வெயில் கனியக்காவின் நரை ஏறிய வகிட்டில் அசைகிறது. கணவர் ரிட்டையர் ஆனதும் எதிர்வீட்டைக் காலி செய்துவிட்டுச் சங்கரன்கோயிலுக்குப் போனவள், ஒரு கல்யாணத்துக்காக வந்திருக்கிறாள். "ஊருக்குப் போயி இப்பிடி இளச்சிகினு வந்திருக்கியேக்கா," என்று பக்கத்துவீட்டு ருக்குமணி அவள் வளையலைத் தள்ளிப் பார்க்கிறாள். அது முழங்கை வரை ஓடுகிறது. மூவரும் சிரிக்கிறார்கள். சிரிப்பை நிறுத்தாமலே ஆளுக்கொரு டம்ளரைப் பிடித்துக்கொள்கிறார்கள். சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம். தரை ஒரு குலுங்கு குலுங்குகிறது; ஜன்னல் கண்ணாடிகள் நடுங்குகின்றன; பழுத்த பலாவிலை ஒன்று ருக்குமணியின் மடியில் விழுகிறது. "அங்கயும் இந்த நேரமானா கை தானா டம்ளரைப் பிடிச்சுக்கிடுது டீச்சர்," என்கிறாள் கனியக்கா. "ஆனா அங்க ஒண்ணும் ஆட மாட்டேங்குது." புவனா எதிர்வீட்டைப் பார்க்கிறாள். அங்கே கொடியில் யாருடைய துணிகளோ காய்கின்றன. வருகிற மே மாதத்தோடு அவள் கணவருக்கும் சர்வீஸ் முடிகிறது. கண்ணாடிகள் ஓய்ந்துவிட்டன. டீயில் எழுந்த வளையங்களும் அடங்கிவிட்டன. கனியக்கா இன்னும் டம்ளரை விடவில்லை. புவனாவும் விடவில்லை.