முப்பத்தோராம் பக்கம்

“நெஞ்சு அடிக்கிற அடியில செத்துப்போவன் எண்டு வருது, மிஸ். கையெல்லாம் விறைக்குது.”

எடித் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு களைத்த குரலில் சொன்னாள். பதகளிப்புக்கும் பயத்துக்குமென்று கிளினிக்கில் கொடுத்த சின்னப் புத்தகம் மடியில் விரிந்து கிடந்தது. அதன் ஓரங்கள் உப்புத்தண்ணீரில் ஊறி உப்பியிருந்தன.

வவுனியாவிலிருந்து கிளினிக்கின் ஆலோசகர் பிரேமினி மிஸ் கிழமைக்கொருக்கால் பத்து நிமிசம்தான் கதைப்பா. மிச்சமெல்லாம் புத்தகத்தைப் பார்த்துத் தானாகச் செய்யவேண்டும்.

“மூச்சுப் பயிற்சி நடக்குதோ?”

“ஓம். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுறது.”

“பயமான இடத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமாப் போகச் சொன்னனான்.”

“போன கிழமை முழங்கால் தண்ணியில நிண்டது. இந்தக் கிழமை வள்ளத்தில ஏறி, கரை தெரியுமட்டும் துடுப்பு வலிச்சது.”

“கெட்டிக்காரி அக்கா. முப்பத்தோராம் பக்கத்தை வாசியுங்கோ. வெள்ளிக்கிழமை எடுக்கிறன்.”

போனை வைக்கவும் வேலிப் படலையில் கிறகரிச் சம்மாட்டியின் சைக்கிள் வந்து நின்றது. எடித்தின் புருசன் அமிர்தநாயகத்துக்கு அவருடைய போட்டில்தான் தொழில். அவன் வாசலில் கதிரை போட்டுக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“என்ன அமிர்தம், மனுசிக்கு இன்னும் சுகமில்லையோ? மூண்டு கிழமையா வீட்டில நிக்கிறாய்.”

“தனிய விடேலாது அண்ணை. கதவு அடிபட்டாலும் ஷெல் விழுகுதெண்டு நடுங்குறா.”

“அந்த ஷெல்லுக்குள்ளாலதானே எல்லாரும் வந்தனாங்கள். வங்காலைக்குத் திரும்பி வந்து எத்தினை வருசம்?” சம்மாட்டி எடித்தைப் பார்த்துச் சிரித்தார். “நல்லகாலம் தங்கச்சி, இவனுக்கு வராமல் உனக்கு வந்தது. கடலில நடுங்குறவனை நான் ஏத்தமாட்டன். திங்கக்கிழமை இவன் வராட்டி வேற ஆளைப் போடுவன்.”

எடித் தலையைக் குனிந்துகொண்டாள். “திங்கக்கிழமை வருவார், அண்ணை.”

சைக்கிள் கோவிலடி முடக்கில் மறையும் வரைக்கும் எடித் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அமிர்தநாயகம் வலையூசியை வைத்துவிட்டு எழும்பி வந்து, அவளுடைய மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து முப்பத்தோராம் பக்கத்தைத் தேடினான்.

“கரை மறைஞ்சால் நான் என்ன செய்யட்டாம், எடித்?”