ஏழு மணி பத்து நிமிஷம்

“கம்பெனிக்காரன் சதி பண்ணுதாம்மா. எங்கிட்ட ஆதாரம் இருக்கு” என்று சிவசைலம் நோட்டை விரித்தார்.

நிலோஃபர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். மேலப்பாளையத்தில் ரவுட்டர் பழுது பார்க்கும் கடை அவளுடையது. பேட்டையிலிருந்து இந்த மனிதர் நாலு நாளாகப் போன் போட்டு உயிரை வாங்கியதால், கடையைப் பூட்டிவிட்டு உச்சி வெயிலில் ஸ்கூட்டரில் வந்திருந்தாள்.

நோட்டில் தேதி வாரியாக எழுதியிருந்தது. ஏழு பத்து. ஏழு பத்து. ஏழு பத்து. நிலம் அளந்து ஓய்வுபெற்ற சர்வேயர் கை. ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

“எம் மக மதுமதி சிங்கப்பூர்ல இருக்கா. தெனமும் ஏழு மணிக்கு டாண்ணு வீடியோ கால் போடுவேன். ஏழு பத்து ஆச்சுன்னா போச்சு. அவ ‘ஆமாப்பா’ன்னு மூணு தடவ சொல்லுததுக்குள்ள லைன் செத்துருது.”

“செல்லுல நெட் போட்டுப் பேசலாம்லா அண்ணாச்சி?”

“வீட்டு நெட் பெட்டிக்கும் துட்டு கட்டி, செல்லுக்கும் கட்டணுமா? நான் என்ன கேணப்பயலா?”

சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி பார்வதியம்மாளின் குரல் வந்தது. “இங்கேருங்க, நல்லா இருக்குத பெட்டிய எதுக்குப் போட்டு நோண்டுதீங்க?”

“ஒனக்கென்னட்டி தெரியும்? நீ அதத் தொட்டுப் பாத்திருக்கியா?”

சமையற்கட்டில் கடுகு படபடவென்று வெடித்தது.

சிவசைலம் இதுவரை நாற்பத்துமூன்று புகார் கொடுத்திருந்தார். லைன் அறுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே டவுன் வரை நடந்துபோய்விட்டு எட்டரைக்குத்தான் வீடு திரும்புவார். இந்தக் கோப நடையில் அவருடைய சர்க்கரை இறங்கியதுதான் கம்பெனி அவருக்குச் செய்த ஒரே நன்மை.

போன வாரம் நண்பர் வைத்தியலிங்கம்தான் வழி சொன்னார். கம்பெனி பெட்டிக்குள் போட்டு அனுப்பும் புரோகிராமைத் தூக்கிவிட்டு, ஓபன் சோர்ஸ் புரோகிராமைப் போட்டுவிட்டால் பெட்டி நம் பேச்சைக் கேட்குமாம். உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டதாம்.

“இலவசம்னா ஒனக்கு எதுக்குக் கூலி?” என்றார் சிவசைலம்.

“தாமிரபரணித் தண்ணியும் ஓசிதான் அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டாந்து ஊத்துதவளுக்குக் கூலி உண்டுல்லா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒத்தப் பிள்ளம்மா. இப்ப ஏழு மாசம். என்ன சாப்பிடணும், எந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கணும், மாடிப்படியில எப்படி ஏறணும், ஒண்ணு விடாம சொல்லுதேன். கடைசியா ‘நீ எப்படிம்மா இருக்கே’ன்னு கேக்கப் போவேன், அறுந்துரும்.” குரல் இறங்கிவிட்டது. நோட்டை மூடிக்கொண்டார்.

நிலோஃபருக்குப் பாவமாக இருந்தது. லேப்டாப்பைத் திறந்தாள்.

“பெட்டியோட பாஸ்வேர்டு வேணுமே?”

“அடியில ஒட்டியிருக்கும். பொங்கலுக்கு வந்தப்ப மகதான் எழுதி ஒட்டினா.” பெட்டியைத் தலைகீழாகத் தூக்கி, சர்வே எண் வாசிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

திரை திறந்தது. நிலோஃபரின் விரல்கள் அப்படியே நின்றன. அவள் நிமிர்ந்து பார்த்தபோது, பார்வதியம்மாள் காப்பியோடு சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் அவளுடைய செல் செருகியிருந்தது. வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

“என்னம்மா ஆச்சு?” என்றார் சிவசைலம்.

“ஒங்க சந்தேகம் சரிதான் அண்ணாச்சி. யாரோ வேணும்னேதான் அறுக்குதாவ.”

“நான் சொன்னேம்லா!”

“நீங்க சுவிட்சு பக்கத்துல போய் நில்லுங்க. புரோகிராம் ஏறுதப்ப கரண்டு நின்னா பெட்டி செத்துரும். யாரையும் கை வைக்க விடாதீங்க.”

சிவசைலம் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் சுடலைமாடன் மாதிரி நின்றார். கட்டின மனைவி கிட்டே வந்தாலும் வெட்டிவிடுவார் போலிருந்தது.

நிலோஃபர் நாலைந்து தட்டு தட்டிவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

“முடிஞ்சுது. இனிமே ஏழு இருவது வரைக்கும் நான் கியாரண்டி. அதுக்கு மேல கடலுக்கடியில வார கேபிள், நம்ம கையில ஒண்ணுமில்ல.”

“பத்து நிமிஷம் கூடவா!” அவர் கண் கலங்கியது. “கூலி எவ்வளவும்மா?”

“காப்பி போதும் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு, அந்த ‘எப்படிம்மா இருக்கே’ய மொதல்லயே கேட்டுருங்க.”

பார்வதியம்மாள் அவசரமாக உள்ளே போய் ஒரு தட்டு நிறைய முறுக்கு எடுத்து வந்து நிலோஃபரின் மடியில் வைத்தாள்.

நிலோஃபர் எந்தப் புரோகிராமையும் ஏற்றவில்லை. அவள் போட வந்த அதே ஓபன் சோர்ஸை மதுமதி பொங்கலுக்கு வந்தபோதே அந்தப் பெட்டியில் போட்டுவைத்திருந்தாள். அப்பாவின் செல்லுக்கு மட்டும் ஏழு பத்திலிருந்து எட்டரை வரை நெட் கிடையாது என்று அதில் இருந்த ஒரே கட்டளையில், நிலோஃபர் பத்தை அழித்து இருபது போட்டாள். மதுமதி அதற்கு வைத்திருந்த ‘அம்மா பேசணும்’ என்ற பெயரில் மட்டும் அவள் கை வைக்கவில்லை.