முழுசாக இருந்த துடுப்பு

முழங்காலளவு ஆற்றில் நின்று, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருக்கிறேன். கால்மணி நேரமாகிறது. ஜனவரி மழை என் தொப்பி விளிம்பிலிருந்து சொட்டி அதன் வெள்ளி முதுகில் விழுகிறது. மூன்று குளிர்காலம் தூண்டில் வீசி, எனக்குச் சிக்கிய முதல் ஸ்டீல்ஹெட், கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும் மீன். பண்ணையில் வளர்த்து விட்ட மீனுக்கு வாலருகே முதுகிலிருக்கும் சின்னத் துடுப்பை அடையாளத்துக்காக நறுக்கியிருப்பார்கள். இதற்கு அது முழுசாக இருந்தது. ஆற்றிலேயே பிறந்ததைத் தண்ணீரைவிட்டுத் தூக்கவோ வீட்டுக்குக் கொண்டுபோகவோ கூடாது என்பது சட்டம். "தூக்காதடா, தண்ணியில வச்சே கொக்கியைக் கழட்டு" என்று கரையிலிருந்து நண்பன் வெர்ன் கத்தத்தான் செய்தான். எனக்குப் படம் வேண்டியிருந்தது. கூழாங்கற்களில் கிடத்தி, செல்போனைத் துடைத்து, நான்கு படம் எடுத்து, மனைவி மார்லிஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் தண்ணீரில் விட்டேன். அது மல்லாந்தது. செவுளுக்குள் தண்ணீர் ஓடினால் மூச்சு திரும்பும் என்று அப்போதிருந்து பிடித்திருக்கிறேன். இப்போது வெர்ன் அருகில் வந்து அதன் வயிற்றைப் பார்க்கிறான். "முட்டை போட வந்தவடா" என்கிறான். "இன்னும் கொஞ்சம் பிடிச்சுப் பாக்கறேன்" என்கிறேன். "பிடி. வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது." செவுள் ஒருமுறை திறக்கிறது. அடுத்ததற்காகக் காத்திருக்கிறேன். சட்டைப்பையில் செல்போன் அதிர்கிறது. ஒரு கையால் எடுத்துப் பார்க்கிறேன். மார்லிஸ்தான். "எவ்வளவு அழகா இருக்கு. பத்திரமா விட்டுட்டதானே?"