வசவில்லாத ஊர்

கோவர்த்தனன் பத்தாண்டுகளாகச் சட்டமன்ற உறுப்பினர். மேடையில் தெலுங்கிலும் வாசற்படியில் தமிழிலும் பேசுவார். எந்த ஊராயினும் வண்டியை எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்தே உள்ளே போவார். மூன்றாம் முறையாக வாக்குக் கேட்டு நடந்ததில் அவருடைய கால்கள் வீங்கியிருந்தன.

விஜயபுரத்துக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தெலுங்கு மாநிலச் சிற்றூர் ஒன்றின் கடலைக்கொல்லையில் ஊரே கூடியிருந்தது. குடிநீர்க் குழாய் போடுவதாக அவர் இருமுறை உறுதி கூறி, இருமுறையும் போடாத ஊர் அது. சென்ற தேர்தலில் அவரை உள்ளேயே விடவில்லை.

"வா நைனா. இந்த வெயில்ல நடந்துக்கினு வர்றியே, மோர் குடி," என்றாள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கங்கம்மா.

குழாயைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பச்சைக் கடலையை வேறு பை நிறையக் கொடுத்தார்கள்.

"கெலிச்சிட்டோம்ணா!" என்று காதோரம் கிசுகிசுத்தார் கட்சிக்காரர் பாபு.

கோவர்த்தனனுக்கு மனம் ஒப்பவில்லை. "இன்னாம்மா, ஒரு வார்த்தகூடத் திட்டலியே?"

கங்கம்மா சிரித்தாள். "இன்னாத்துக்குத் திட்டணும்? தண்ணி இல்லாம, போன வருசமே எல்லாரும் எல்லை தாண்டிக் குடிபோய்ட்டோம். வோட்டும் இப்போ தமிழ்நாட்டுலதான். கடலை புடுங்க மட்டும் இங்க வந்துக்கினு போறோம். நீ எங்களுக்கு விருந்தாளி நைனா."

கோவர்த்தனன் வரப்பில் அமர்ந்து, மோரை மெல்லக் குடித்து முடித்தார்.

"அடுத்த ஊர்ல ரோடு போடலன்னு துடப்பத்தோட நின்னுக்கினு இருக்காங்களாம். அங்க வேணாம்ணா," என்றார் பாபு.

"அங்கயே போலாம்ப்பா," என்று எழுந்தார் கோவர்த்தனன்.