தங்கம் சொன்ன நோய்

செருப்பைக் கடித்தாலும் சரி, சோபாவில் ஏறிப் படுத்தாலும் சரி, மைனரைப் பார்த்துத் தங்கம் சொல்வது ஒன்றுதான்: "இந்த நாய்க்குக் கொழுப்பு!"

மைனரின் விலாவில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி கிளம்பிய பிறகும் அவள் அதையே சொல்ல, அவள் கணவர் வெள்ளைச்சாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கேன்சரா இருக்குமோன்னு நான் பதறிக்கிட்டு இருக்கேன். இனிமே அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாது!"

தி.நகர் துணிக்கடைக்கு லீவு விட்டு, மைனரை அடையாறு கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மயக்க ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எவ்வளவு ஆழம், நுரையீரல் வரை பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வெளியே வெள்ளைச்சாமி வடபழனி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார்.

டாக்டர் தாரணி படத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். வெள்ளைச்சாமி திருதிருவென்று விழித்தார்.

போன் அடித்தது. தங்கம்தான். அழுதிருந்தாள்.

"என்னங்க, கேன்சரா?"

"இல்ல தங்கம், பயப்படாத. எங்கேயும் பரவல."

"அப்போ என்னவாம்?"

வெள்ளைச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீ ஸ்கேன் எடுக்காமலே சொன்னியே, அதேதான். வெறும் கொழுப்பாம்!"