சத்தம் வராத டிஸ்க்

"சத்தமே வரக் கூடாதுங்க. லைட்டும் மினுக்கக் கூடாது" என்றபடி, கைக்கடக்கமான கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்தார் சின்னுசாமி.

"அப்ப எஸ்.எஸ்.டி. டிஸ்க்தாங்க போடணும். உள்ள எதுவும் சுத்தாது" என்றாள் செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சித்ரா. "எங்க வெக்கப் போறீங்க?"

"மேல உத்தரத்துல, கேமராவோட. ராத்திரி லைட்ட அணைச்ச பொறகு, நான் ஊட்டுல இருந்தே பாக்கோணும்."

சித்ராவின் கை நின்றது. "யாரைங்க?"

"எல்லாம் ஒண்ணாத் தூங்கற எடமுங்க. சின்னச் சத்தம் கேட்டாலும் மிரண்டுக்கும். போன வாரம் பழைய டிஸ்க் கரகரன்னு சுத்தி, ஒரே கூச்சல்!"

கல்யாணத்துக்கு முன் நூல் மில் விடுதியில் இருந்தவள் சித்ரா. ஜன்னலில் எவனோ எட்டிப் பார்த்த பயம் இன்னும் போகவில்லை.

"எது சூடாகாதுன்னு பாத்துச் சொல்றேன், உக்காருங்க" என்று இழுத்தடித்துக்கொண்டே, போலீஸில் இருக்கும் அண்ணன் பூபதிக்குச் செய்தி அனுப்பினாள்.

வாசலில் பைக் வந்து நின்றதும் தைரியம் வந்தது. "இந்த வயசுல உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று சீறினாள்.

சின்னுசாமி விழித்தார். "இதுல என்ன அம்மிணி வெக்கம்? மிரண்டா மறுநாளு பாதி முட்டை கொறஞ்சு போகுது. நாமக்கல்ல வந்து கோழிப்பண்ணை நடத்திப் பாரு, தெரியும்!"

லத்தியோடு பாய்ந்து வந்தான் பூபதி. "எங்க சித்ரா அந்த ஆளு?"

சித்ரா அவசரமாக ஒரு நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இவருதாண்ணா... பண்ணை வெலைக்கே முட்டை தர்றாராம்."